பொம்மை பிடிக்க வரும் பிள்ளைகளுக்கு

டெல்லி கரோல் பாக்கில் என் வீட்டு மாடிக்குப் பொம்மலாட்டம் கற்க வருகிறவர்கள் முதல் நாளே கேட்பது, “தாத்தா, எப்போது மேடை?” அவர்களுக்காக இது.

1. முதலில் பாரத்துக்குப் பழகு. கல்யாண முருங்கை லேசான மரம்தான். ஆனாலும் நம் பொம்மை நாலரை அடி உயரம், பத்துக் கிலோ வரை போகும். நூல்களை இரும்பு வளையத்தில் கட்டித் தலையில் மாட்டிக்கொள்கிறோம். கைகளைக் கம்பியால் இயக்குகிறோம். உன் தலை திரும்பினால்தான் பொம்மை திரும்பும். நீ தும்மினால் ராமரும் தும்முவார். கழுத்து வலி போகும்வரை வெறும் வளையத்தோடு நட.

2. அடுத்தவர் ஆட்டத்தையும் போய்ப் பார். இங்கிருந்து மூன்றாவது மெட்ரோ நிலையம் ஷாதிப்பூர். அங்கேதான் ராஜஸ்தானத்து பட் குடும்பங்கள் குடியேறிய கட்புத்லி காலனி இருந்தது. அவர்கள் பொம்மைக்குக் கால் கிடையாது, நீளப் பாவாடை அதை மறைத்துவிடும். நூல் தலையிலிருந்து கிளம்பி ஆட்டுபவரின் விரலைச் சுற்றி இடுப்புக்கு இறங்கும். அவ்வளவுதான், அதற்கே அனார்கலிப் பொம்மை இடுப்பை வெட்டும். ஆட்டுபவர் வாயில் மூங்கிலும் தோலும் சேர்ந்த சின்ன ஊதல். அந்தக் கீச்சுக் குரலைப் பேச்சாக்கிச் சபைக்குச் சொல்வது டோலக் அருகே இருக்கும் பெண். எல்லோரும் நூலையே படம் பிடிக்கிறார்கள். நீ அந்த அம்மாவைக் கவனி. பாதி ஆட்டம் அவர் கையில்.

3. பரம்பரைச் சொத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காதே. பட் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஆடியது அமர் சிங் ராத்தோர் கதை. 1644இல் ஆக்ராவில் ஷாஜகான் அரசவையில் வாளெடுத்து மடிந்த ராஜபுத்திரர். அந்தக் கதையில் ஊறி வளர்ந்த பூரண் பட், பொம்மலாட்டக் கலைஞர் தாதி புதும்ஜியோடு நவீன மேடையிலும் வேலை செய்தார். புதுக் கதைகளுக்கும் பொம்மை செதுக்கினார். 2003இல் சங்கீத நாடக அகாதமி விருது வந்தது. குடும்பக் கலையை அவர் விட்டுவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. என் தாத்தா விடிய விடிய ஆடிய அரிச்சந்திரனை நான் ஒன்றரை மணி நேரமாக்கினேன். மயான காண்டத்தில் மட்டும் கை வைக்கவில்லை. எதை வெட்டலாம் என்று தெரிய முழுசையும் ஆடியிருக்க வேண்டும். உங்களுக்கு அங்கேதான் பொறுமை போய்விடுகிறது.

4. கடைகளில் ஜோடியாகத் தொங்கும் ராஜா ராணியை வாங்கிக்கொண்டு வராதே. அது ஆடாது.

5. பொம்மையைத் தொங்கவிட ஓர் இடம் தேடு. மடித்து வைத்தால் நூல் சிக்கும், சாயம் உரியும். சின்ன விஷயம் என்று நினைக்காதே. கட்புத்லி காலனிக்காரர்களுக்கு அந்த இடமே இல்லாமல் போனது. அவர்கள் காலனி நிலத்தை 2009இல் டெல்லி வளர்ச்சி ஆணையம் அடுக்குமாடித் திட்டத்துக்காகத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. பல குடும்பங்கள் நம் பக்கத்து ஆனந்த் பர்பத் தற்காலிக முகாமுக்குப் போயின. 2017 அக்டோபர் இறுதியில் காலனியை இடித்தார்கள். மரம் செதுக்க, சாயம் காய, பிள்ளைகள் பார்த்துப் பார்த்துக் கற்க ஒரு வாசல் வேண்டும். வீட்டுத் திட்டம் போடுகிறவர்கள் அறையை எண்ணுகிறார்கள், வாசலை எண்ணுவதில்லை. என் கோபம் இது, ஆறவில்லை.

6. பிறந்தநாள் விழாவுக்குக் கூப்பிட்டாலும் போ, கௌரவம் பார்க்காதே. முன்பணம் வாங்கு. பாடினவருக்கும் மத்தளக்காரருக்கும் உள்ள பங்கை, பொம்மையைப் பெட்டியில் வைப்பதற்குமுன் கையில் கொடுத்துவிடு.