டீசல் கணக்கும் கைப்பேசியும்

லாரி, பேருந்து, பொக்லைன் வைத்துத் தொழில் செய்பவர்கள் சிலர் தங்கள் ஷெட்டிலேயே சொந்தமாக டீசல் டேங்கும் பம்பும் வைத்திருக்கிறார்கள். அங்கே கணக்கு என்பது ஒரு நோட்டுப் புத்தகமும் சாவி வைத்திருக்கும் ஓர் ஆளும்தான். மாதக் கடைசியில் ஐம்பது அறுபது லிட்டர் குறைந்தால் சந்தேகம் பெரும்பாலும் டிரைவர் மேல் விழும். முதலாளியும் டிரைவரும் ஒரே மஹல்லாவில் இருந்துவிட்டால் அது ஷெட்டோடு நிற்பதில்லை, வீட்டு வாசல் வரை வந்துவிடுகிறது. இப்போது அந்தப் பம்பைக் கைப்பேசியால் பூட்டித் திறக்கும் கருவிகள் வந்துள்ளன. அவை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று இரு தரப்பாரும் அறிந்திருப்பது நல்லது.

பம்பின் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் நடுவே ஒரு சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டி வைக்கப்படுகிறது. டிரைவர் தன் கைப்பேசிச் செயலியில் தன் ரகசிய எண், வண்டி எண், கிலோமீட்டர் ரீடிங் மூன்றையும் பதிகிறார். அவருக்கு அனுமதி இருந்தால் பெட்டி மோட்டாருக்கு மின்சாரம் விடும். இல்லையென்றால் பம்ப் ஓடாது. மீட்டருக்குள் சுழலும் பாகம் லிட்டருக்கு இத்தனை என்று மின்துடிப்புகளை அனுப்புகிறது. லிட்டருக்கு 100 துடிப்பு என்று வைத்தால், 4,000 துடிப்பு என்பது 40 லிட்டர். அந்த வண்டிக்கு வைத்த உச்சவரம்பு வந்ததும் மோட்டார் தானாக நின்றுவிடும். யார், எந்த வண்டிக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை லிட்டர் என்ற பதிவு முதலாளியின் கைப்பேசிக்குப் போய்விடும். அந்த நேரத்தில் இணையம் இல்லாவிட்டாலும், நல்ல கருவிகள் பதிவைத் தம்மிடமே வைத்திருந்து பிறகு அனுப்புகின்றன. வாங்கும் முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் பதிவில் வருவது யாருடைய எண்ணில் பம்ப் திறந்தது என்பது மட்டுமே. நாசிலை யார் பிடித்தார், டீசல் வண்டியில் இறங்கியதா கேனில் இறங்கியதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அவசரத்தில் ஒருவர் எண்ணை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுப்பது நம்மிடையே சர்வ சாதாரணம். சொன்னவர் பெயரில்தான் கணக்கு ஏறும். ஆகவே நம் பிள்ளைகள் டிரைவர் வேலைக்குப் போனால், இந்த எண் வங்கி அட்டையின் எண் போன்றது என்று அவர்களிடம் சொல்லி அனுப்ப வேண்டும்.

இனி அளவு விஷயம். பழி வருவது பெரும்பாலும் இங்கேதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். டீசல் சூட்டில் விரியும், குளிர்ந்தால் சுருங்கும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.08 சதவீதம். வெயிலில் வந்த டேங்கர் 40 டிகிரியில் 10,000 லிட்டரை நிலத்தடி டேங்கில் இறக்குகிறது என்று வையுங்கள். அது 30 டிகிரிக்குக் குளிர்ந்தால் சுமார் 80 லிட்டர் குறைந்திருக்கும். எடை அதேதான், யாரும் தொடவும் இல்லை.

அளவுகோலை விட்டுப் பார்ப்பதிலும் சிக்கல் உண்டு. படுக்கை உருளையாக இருக்கும் டேங்கில், 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் விட்டம் என்றால், பாதி நிரம்பியிருக்கும்போது ஒரு சென்டிமீட்டர் என்பது 60 லிட்டர். அடியிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் அதே ஒரு சென்டிமீட்டர் சுமார் 26 லிட்டர்தான். கோலைச் சாய்த்துப் பிடித்தாலும் கணக்கு பிசகிவிடும். டேங்குக்கு உரிய அளவு அட்டவணை இல்லாமல் குத்துமதிப்பாகச் சொல்லும் லிட்டரை வைத்து ஒருவர் மேல் குற்றம் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மீட்டரையும் 5 லிட்டர் அளவுக் கலத்தில் பிடித்து அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி பிசகினால் 10,000 லிட்டரில் 50 லிட்டர் வித்தியாசம் வரும்.

ஆகவே ஒரு நாள் குறைவை வைத்து முடிவு செய்யக்கூடாது. பழைய இருப்போடு வந்ததைக் கூட்டி, கொடுத்ததைக் கழித்து, குளிர்ந்த காலை நேரத்தில் ஒரே ஆள் ஒரே கோலால் பார்த்த இருப்போடு ஒப்பிட வேண்டும். வாரக்கணக்கில் இதைச் செய்தால் இயல்பான ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பது பிடிபடும். அதைத் தாண்டிய குறைவு ஒரே வண்டியிலோ ஒரே நேரத்திலோ திரும்பத் திரும்ப வந்தால் அப்போது விசாரிக்கலாம்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, டீசல் ஓரிடத்தில் மொத்தம் 2,500 லிட்டருக்கு மேற்படாமலும், எந்தக் கலமும் 1,000 லிட்டரைத் தாண்டாமலும் இருந்தால் உரிமம் தேவையில்லை. அதற்கு மேல் போனால் உரிமம் வேண்டும். பெட்ரோலுக்கு விதி இன்னும் கடுமை. பெட்ரோல் பங்க்குகளில் கைப்பேசி கூடாது என்று பலகை வைத்திருக்க, இங்கே கைப்பேசியே பம்பைத் திறக்கிறது என்பது வேடிக்கைதான். எட்ட நின்று எண்ணைப் பதிந்து, கைப்பேசியைப் பைக்குள் வைத்த பிறகே நாசிலைத் தொட வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டியையும் வயரிங்கையும் தெருமுனை எலக்ட்ரீஷியனிடம் விடாமல், எரிபொருள் இடத்து வேலை தெரிந்தவரிடமே ஒப்படையுங்கள்.

கடைசியாக, கருவி வாங்கும் முதலாளிமார்களுக்கு ஒன்று. ஒவ்வொரு முறை டீசல் பிடித்ததும் அந்தப் பதிவு டிரைவரின் கைப்பேசிக்கும் குறுஞ்செய்தியாகப் போகும்படி அமைக்கச் சொல்லுங்கள். தன் பெயரில் தான் பிடிக்காத 40 லிட்டர் ஏறியிருந்தால் அவர் அன்று மாலையே வந்து சொல்ல முடியும். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் அவரால் என்ன சொல்ல முடியும்? ஒருவர் வேலையை விட்டு நின்றால் அவருடைய எண்ணை அன்றைக்கே நீக்கிவிட்டு, நீக்கியதை அவருக்கும் தெரிவித்துவிடுங்கள்.