கணிப்பொறிக்குள் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளைகள்

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "சார், என் பொண்ணு காலேஜ்ல ஃபோர்ட்ரான்னு ஏதோ படிக்கிறா. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சைன், டேன்னு முனகிக்கிட்டே இருக்கா. என்னடீன்னு கேட்டா 'உனக்குப் புரியாதும்மா'ங்கறா. அப்படி என்ன சார் அது?"

அந்த அம்மா தஞ்சாவூர்ப் பக்கம் பத்தாவது வரை தமிழில் படித்தவர். பெண் இங்கேயே பிறந்து ஆங்கிலத்தில் படிப்பவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், ஆனால் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். இருவரையும் மனத்தில் வைத்தே இந்தப் பாடத்தை எழுதுகிறேன். அம்மா உரக்கப் படிக்கட்டும், மகள் கேட்கட்டும். புரியாத இடத்தில் மகள் அம்மாவுக்குச் சொல்லித் தரட்டும்.

ஃபோர்ட்ரான் என்பது கணக்குப் போடுவதற்கென்றே பிறந்த கணிப்பொறி மொழி. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் என்பவரின் குழு இதை உருவாக்கி 1957-இல் வெளியிட்டது. இன்றும் வானிலைக் கணிப்புக்கான பெரிய நிரல்களில் பல இந்த மொழியில்தான் உள்ளன. நம் நாட்டில் ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ராஜாராமன் எழுதிய பாடநூல்களைக் கொண்டு இதைக் கற்றார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

புயல் எங்கே போகும், அணையில் நீர் எவ்வளவு ஏறும், புகை எங்கே படியும் என்பதையெல்லாம் நேரில் செய்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. எண்களால் செய்து பார்க்கலாம். நேரத்தைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் கணக்குப் போட்டு, அந்த விடையை அடுத்த துண்டுக்குக் கொடுத்து, இப்படியே ஆயிரக்கணக்கான தடவை போவது. இந்த வேலையில் வர்க்கமூலம், சைன், அடுக்கேற்றம் எல்லாம் அடிக்கடி வரும். ஒவ்வொருவரும் அவற்றைத் தாமே எழுதிக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது. அதனால் மொழியைச் செய்தவர்களே அவற்றை உள்ளே வைத்துத் தந்துவிட்டார்கள். இவற்றைத்தான் உள்ளமைந்த சார்புகள் என்கிறோம். பண்ணைவீட்டில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருப்பார் அல்லவா? "இதற்கு வட்டி எவ்வளவு?" என்று கேட்டால் பதில் மட்டும் வரும். அதுபோலத்தான் இவையும். எண்ணைக் கொடுத்தால் விடையைத் தரும்.

அந்தக் கணக்குப்பிள்ளை எப்படிக் கணக்குப் போடுகிறார் என்பதற்கு ஓர் உதாரணம். 2-இன் வர்க்கமூலம் வேண்டும். முதலில் 1.5 என்று ஊகியுங்கள். 2-ஐ 1.5-ஆல் வகுத்தால் 1.3333. இரண்டின் சராசரி 1.4167. மறுபடி 2-ஐ 1.4167-ஆல் வகுத்தால் 1.4117, சராசரி 1.4142. இரண்டே சுற்றில் நான்கு தசம இடம் சரியாக வந்துவிட்டது! அடுப்படியில் உட்கார்ந்து காகிதத்திலேயே போடலாம். கணிப்பொறிக்குள் இதன் உறவுமுறைகள்தான் மிக வேகமாக ஓடுகின்றன. சைன் போன்றவற்றுக்கு, கொடுத்த கோணத்தை முதலில் சிறிய கோணமாகச் சுருக்கிக்கொண்டு, பிறகு பெருக்கல் கூட்டல்களாலான ஒரு கோவையால் விடை காண்பது வழக்கம்.

சைன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெயரே நம் நாட்டிலிருந்து போனதுதான். வில்லின் நாண் என்று பொருள்படும் 'ஜ்யா' அல்லது 'ஜீவா' என்ற வடசொல் அரபியில் 'ஜிபா' ஆயிற்று. அதை 'ஜய்ப்' என்று பிழையாக வாசித்து, 'மடிப்பு' என்று பொருள்கொண்டு, லத்தீனில் 'சைனஸ்' என்று பெயர்த்தார்கள். அதுதான் இன்றைய சைன். ஆரியபட்டர் கி.பி. 499-இல் எழுதிய நூலில் 225 கலைக்கு ஒன்றாக 24 மதிப்புகள் கொண்ட சைன் வாய்பாடு இருக்கிறது. அதில் வட்டத்தின் ஆரம் 3438. ஏன் இந்த விசித்திரமான எண்? ஒரு பாகைக்கு 60 கலை என்றால் முழு வட்டம் 21,600 கலை. அதை 2 பை-யால் வகுத்தால் ஏறத்தாழ 3438. அதாவது ஆரத்தையும் வட்டத்தின் வில்லையும் ஒரே அளவுகோலால் அளந்திருக்கிறார். இன்று நாம் ரேடியன் என்று சொல்வதன் கருத்தும் இதுவேதான்.

மாணவர்கள் விழும் முதல் பள்ளமும் இந்த ரேடியன்தான். ஃபோர்ட்ரானின் சைன் பாகையைக் கேட்பதில்லை, ரேடியனைக் கேட்கிறது. 30 பாகையின் சைன் 0.5 என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் சைன் 30.0 என்று எழுதினால் வரும் விடை −0.988. கணிப்பொறி முணுமுணுக்காது, தவறு என்று சொல்லாது. 30-ஐ பை-யால் பெருக்கி 180-ஆல் வகுத்துத் தர வேண்டியது நம் பொறுப்பு. பை-யும் உள்ளே கிடையாது, 4.0-ஐ ஏ-டேன் 1.0 என்பதால் பெருக்கி எடுத்துக்கொள்வது பழைய வழக்கம். 2023-ஆம் ஆண்டின் தர வரையறையில்தான் பாகையை நேராக வாங்கிக்கொள்ளும் சைன்-டி, காஸ்-டி போன்றவை அதிகாரபூர்வமாகச் சேர்ந்தன. 66 ஆண்டுகள் கழித்து!

இனி என் சொந்தக் கதை. இந்தப் பாடத்தை எழுதத் துணிந்ததே இதற்காகத்தான்.

1986-இல் குஜராத்தில் ஓர் ஆலோசனை அலுவலகத்தில் நான் இளநிலைப் பொறியாளன். வரவிருந்த ஒரு தொழிற்சாலைப் புகைபோக்கியின் புகை எந்தப் பக்கம் எவ்வளவு படியும் என்று கணக்கிடும் வேலை என்னிடம் வந்தது. ஓராண்டுக் காற்றுப் பதிவு, மணிக்கு ஒன்றாக 8,760 வரிகள். ஒவ்வொரு வரியிலும் இரண்டு எண்கள்: காற்று கிழக்கு நோக்கி எவ்வளவு வேகம், வடக்கு நோக்கி எவ்வளவு வேகம். எதிர்த் திசை என்றால் எண்ணுக்கு முன் கழித்தல் குறி. வடக்கு வேகத்தைக் கிழக்கு வேகத்தால் வகுத்து, ஏ-டேன் என்ற சார்பிடம் கொடுத்தால் கோணம் வரும். கிழக்கிலிருந்து இடஞ்சுழியாக அளக்கும் கோணம். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குதானே என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன். நிரல் ஓடியது. அழகான வரைபடம் வந்தது. புகை முழுவதும் வடகிழக்கே போகிறது. அந்தப் பக்கம் தரிசு நிலம். தென்மேற்கில் இருந்த கிராமத்துக்கு ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் மகிழ்ச்சி. அறிக்கை தட்டச்சுக்குப் போயிற்று.

எங்கள் அலுவலகத்தில் தேநீர் கொண்டுவரும் பெரியவர் அந்தக் கிராமத்துக்காரர். மேசையில் விரித்திருந்த வரைபடத்தைப் பார்த்து, "சாஹேப், இது எங்க ஊர்தானே?" என்று விசாரித்தார். ஆமாம், உங்கள் ஊருக்குப் புகை வராது என்றேன் பெருமையாக. அவர் சிரித்துவிட்டு, "குளிர்காலத்துல காத்து அந்தப் பக்கத்திலிருந்துதானே சாஹேப் எங்க மேல வீசுது? அந்த மூலையில செங்கல் சூளை ஓடின வருஷம் காயப்போட்ட துணியெல்லாம் கரி" என்றார்.

எனக்குக் கை சில்லிட்டது. ஒரு ஜனவரி வரியை எடுத்துக் கையால் போட்டேன். கிழக்கு வேகம் −3, வடக்கு வேகம் −3. அதாவது காற்று வடகிழக்கிலிருந்து புறப்பட்டுத் தென்மேற்கே போகிறது. −3-ஐ −3-ஆல் வகுத்தால் 1. ஏ-டேன் 1 என்றால் 45 பாகை, அதாவது வடகிழக்கு! ஜூலை மாத வரி +3, +3. அதற்கும் வகுத்தால் 1, அதே 45 பாகை. வகுக்கும்போதே இரண்டு கழித்தல் குறிகளும் ஒன்றையொன்று விழுங்கிவிட்டன. பாவம், ஏ-டேனுக்கு இரண்டும் ஒரே எண்தான். அதன் விடை எப்போதும் −90 முதல் +90 பாகைக்குள்தான் இருக்கும். வட்டத்தின் மேற்குப் பாதியே அதற்குத் தெரியாது. குளிர்காலப் புகை முழுவதையும் நான் தரிசு நிலத்தில் கொட்டியிருந்தேன்.

இதற்கு மருந்தும் மொழிக்குள்ளேயே இருந்தது. ஏ-டேன்-2 என்று ஒரு சார்பு. அது வகுத்த விடையைக் கேட்பதில்லை. இரண்டு எண்களையும் தனித்தனியே வாங்கிக்கொள்ளும், குறிகளோடு. −3, −3 கொடுத்தால் −135 பாகை, அதாவது தென்மேற்கு என்று சரியாகச் சொல்லும். கிழக்கு வேகம் பூச்சியமாக இருந்தாலும் திணறாது. இரண்டுமே பூச்சியமாக, அதாவது காற்றே இல்லாமல், மட்டும் இருக்கக் கூடாது. கையேட்டில் ஏ-டேனுக்கு அடுத்த வரியில்தான் அது இருந்தது. நான் அந்த வரி வரை படிக்கவில்லை.

மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டேன். அறிக்கையைத் திரும்பப் பெற்று, நிரலைத் திருத்தி மறுபடி ஓட்டினோம். புதிய வரைபடத்தில் அந்தக் கிராமம் புகைப் பகுதிக்குள் வந்தது. காற்றின் தூய்மையை அளக்கும் கருவியை அங்கே வைக்க வேண்டும் என்று புதிய அறிக்கையில் எழுதினோம். பெரியவரிடம் நான் நன்றி சொன்னபோது, எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை.

ஏ-டேன்-2-இல் இன்னொரு கண்ணி உண்டு. ஃபோர்ட்ரானில் வடக்கு எண்ணை, அதாவது நெட்டச்சு மதிப்பை, முதலில் கொடுக்க வேண்டும். பைத்தானிலும் சி-யிலும் அப்படியே. ஆனால் எக்ஸெலில் கிடையச்சு மதிப்பு முதலில்! எக்ஸெலில் சரிபார்த்துவிட்டுப் பைத்தானில் எழுதும் பிள்ளைகள் இதில் தவறாமல் விழுகிறார்கள். இன்னொன்று, வானிலைத் துறையினர் காற்று போகும் திசையைச் சொல்வதில்லை, வரும் திசையைச் சொல்வார்கள். தமிழிலும் அப்படித்தான். வாடை வடக்கிலிருந்து வருவது, தென்றல் தெற்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, கோடை மேற்கிலிருந்து. ஆகவே கோணத்தைக் கண்டுபிடித்த பிறகும் எந்தக் கணக்கில் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

−135 என்ற கோணத்தை 0 முதல் 360 வரையிலான கோணமாக மாற்ற வேண்டுமானால் மீதி காணும் சார்பு உதவும். மாட் என்று ஒன்று (தொழுவத்து மாடு அல்ல), மாடுலோ என்று ஒன்று. மிகை எண்களுக்கு இரண்டும் ஒரே விடை தரும். குறை எண் வந்தால் பிரிந்துவிடும். −135-ஐ 360-ஆல் வகுத்த மீதியை மாட் கேட்டால் −135 என்றே திருப்பித் தரும். மாடுலோ 225 என்று தரும். நமக்கு வேண்டியது 225. மாடுலோ 1991-இல் தரமாக்கப்பட்ட ஃபோர்ட்ரான் 90-இல்தான் வந்தது. 1986-இல் நாங்கள் 360-ஐக் கையால் கூட்டிக்கொண்டோம்.

அடுத்து, கோணத்தைப் பதினாறு திசைகளில் ஒன்றாகப் பிரிக்க 22.5-ஆல் வகுக்கிறோம். 44 பாகையை வகுத்தால் 1.96. இண்ட் என்ற சார்பு தசமத்தை வெட்டி எறிந்துவிட்டு 1 என்னும். நிண்ட் என்பது அருகிலுள்ள முழு எண்ணான 2 என்னும். 45 பாகைக்கு ஒரு பாகைதான் குறைவு, ஆகவே 2-தான் நியாயம். 355 பாகைக்கு நிண்ட் 16 என்று தரும். பதினாறாவது என்பது மறுபடி பூச்சியமாவதுதானே, அதற்கு மீண்டும் மாடுலோ.

துல்லியம் பற்றி ஒரு வார்த்தை. சாதாரணத் துல்லியத்தில் ஏறத்தாழ ஏழு இலக்கங்கள்தான் நிற்கும். 1.0, 1.0 என்று கூட்டிக்கொண்டே போனால் 1,67,77,216-இல் கூட்டுத்தொகை நின்றுவிடும். அதற்கு மேல் எத்தனை ஒன்று கூட்டினாலும் அசையாது. பெரிய கணக்குகளுக்கு இரட்டைத் துல்லியம் அவசியம். பழைய ஃபோர்ட்ரானில் இதற்கு வர்க்கமூலம் முதல் சைன் வரை 'டி' சேர்த்த தனிப் பெயர்கள் இருந்தன. ஃபோர்ட்ரான் 77 வந்தபின் ஒரே பெயர், எண்ணின் வகையைப் பார்த்துச் சார்பே தன்னை மாற்றிக்கொள்கிறது. ஆனால் 0.1 என்று சாதாரணமாக எழுதிவிட்டு டபிள் சார்பால் இரட்டையாக மாற்றினால் போன துல்லியம் திரும்பாது. 0.10000000149 என்றுதான் இருக்கும். தண்ணீர் ஊற்றிய பாலைப் பெரிய பாத்திரத்துக்கு மாற்றுவது மாதிரி.

ஃபோர்ட்ரான் நிரல்களை ஓட்டும் ஜி-ஃபோர்ட்ரான் இலவசமாகவே கிடைக்கிறது. வீட்டுக் கணிப்பொறியில் ஏற்றிக்கொள்ளலாம். எந்தச் சார்பையும் பெரிய நிரலில் போடுமுன், விடை தெரிந்த நாலைந்து எண்களைக் கொடுத்துப் பாருங்கள். அவற்றில் ஒன்றிரண்டு குறை எண்ணாக இருக்கட்டும்.

வீட்டுக்கு மூன்று கணக்கு தருகிறேன், அம்மாக்களும் போடலாம். ஒன்று, 2 என்ற ஊகத்தில் தொடங்கி 3-இன் வர்க்கமூலத்தை இரண்டு சுற்றில் காண்க. இரண்டு, கிழக்கு வேகம் −4, வடக்கு வேகம் +4 என்றால் காற்று எந்தத் திசைக்குப் போகிறது? ஏ-டேன் என்ன சொல்லும், ஏ-டேன்-2 என்ன சொல்லும்? மூன்று, ஞாயிறு 0, திங்கள் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று ஞாயிறு. 50 நாளைக்கு முன்பு என்ன கிழமை? −50-ஐ மாட், மாடுலோ இரண்டிடமும் கொடுத்துப் பாருங்கள். விடைகளை ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும்போது பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.