எடை பத்து கிலோ, இழுப்பது நூறு கிலோ

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை எதற்குள் நுழைந்தாலும் கைகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஒருவர் பிளாஸ்டர் அச்சுகளில் களிமண் கூழை ஊற்றுவார். ஒருவர் பாதி காய்ந்த பொம்மையின் பிசிறுகளைச் சீவித் துடைப்பார். இன்னொருவர் பலகை நிறைய அகல் விளக்குகளைச் சூளைக்குத் தூக்கிக்கொண்டு போவார். இந்தத் தொழிலுக்கென்றே டிப்ளமா படிப்பு நடத்தும் அரசுப் பயிலகமும் ஊரில் இருக்கிறது. களிமண் எந்தச் சூட்டில் வேகும், வெந்தபின் எவ்வளவு சுருங்கும் என்று கணக்குச் சொல்ல ஆள் உண்டு. அதைத் தூக்கும் உடம்பின் கணக்கைத்தான் நாம் அவ்வளவாகப் போடுவதில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ‘வயசாயிடுச்சு’ என்பதோடு சரி.

அந்தக் கணக்குக்குப் பெயர் பயோமெக்கானிக்ஸ். நெம்புகோல், விசை, அழுத்தம் என்று பள்ளியில் படித்த இயற்பியலை எலும்புக்கும் தசைக்கும் மூட்டுக்கும் பொருத்திப் பார்க்கும் படிப்பு. கைவேலை நடக்கும் இடங்களில் வழக்கமாகக் காதில் விழும் சில நம்பிக்கைகளை அந்தப் படிப்பின் துணையோடு சரிபார்ப்போம்.

நம்பிக்கை: ‘பலகை பத்து கிலோகூட இருக்காது. இதில் உடம்புக்கு என்ன பாரம்?’

உண்மை: தராசுக்கு எடை மட்டும் தெரிந்தால் போதும். முதுகுக்கு, அந்த எடை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் கணக்கு. முதுகை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள், முதுகெலும்பு வட்டின் நடுவிலிருந்து சுமார் 5 செ.மீ. பின்னால் இருக்கின்றன. கையை நீட்டிப் பிடித்த பலகையோ 50 செ.மீ. முன்னால் இருக்கிறது. தூரம் பத்து மடங்கு என்பதால், 10 கிலோ பலகைக்கு ஈடுகொடுக்க அந்தத் தசைகள் ஏறத்தாழ 100 கிலோவுக்குச் சமமாக இழுத்தாக வேண்டும். அதே பலகையை வயிற்றோடு ஒட்டி, 25 செ.மீ. தூரத்தில் பிடித்தால் 50 கிலோ போதும்.

இதில் நம் உடம்பின் எடையைச் சேர்க்கவே இல்லை. தலை, கைகள், மார்பு எல்லாம் சேர்ந்தால் உடல் எடையில் பாதிக்கும் மேல். குனிந்தால் அவ்வளவும் முன்னால் தொங்கும் சுமைதான். கீழே கிடக்கும் துணியை எடுக்கக் குனிந்தவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்வதில் அதிசயமில்லை.

இத்தாலியரான ஜியோவானி போரெல்லி இந்தக் கணக்கை 17ஆம் நூற்றாண்டிலேயே போட்டுவிட்டார். அவர் இறந்தபின் 1680-81இல் வெளிவந்த நூலில், தசைகள் தாம் தூக்கும் எடையைவிடப் பல மடங்கு விசையைச் செலவிடுகின்றன என்று காட்டினார். வலுவில் நட்டப்பட்டு வேகத்தில் லாபம் பார்க்கும் அமைப்பு இது. தசை ஒரு அங்குலம் சுருங்கினால், கை அதைப்போல் பல மடங்கு தூரம் நகரும்.

நம்பிக்கை: ‘முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்துத் தூக்கினால் ஒன்றும் ஆகாது.’

உண்மை: பாதி சரி. 1999இல் ஜெர்மனியில் ஹான்ஸ்-யோக்கிம் வில்கெயின் குழு, ஒரு தன்னார்வலரின் இடுப்பு வட்டுக்குள்ளேயே அழுத்தமானியை வைத்து அளந்தது. 20 கிலோவை முதுகு வளைத்துத் தூக்கியபோது 2.3 மெகாபாஸ்கல். முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. அதே எடையை உடம்போடு ஒட்டிப் பிடித்து நின்றபோது 1.1.

முழங்காலை மடக்கியதில் பலன் இருந்தது. ஆனால் சுமை இரண்டு முழங்காலுக்கும் நடுவே நுழைகிற அளவில் இருந்தால்தான் இந்தப் பலன். அகலமான அச்சையோ பலகையையோ அப்படித் தூக்கப்போனால், முழங்கால் குறுக்கே வந்து சுமையை இன்னும் தள்ளிவிடும். இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளை அதே 1999இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். குந்தித் தூக்குவதே மேல் என்று எல்லோருக்கும் சொல்ல ஆதாரம் போதவில்லை என்பது அவர்கள் முடிவு.

அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ், தூக்கும் எடைக்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. எல்லாம் வசதியாக அமைந்த நிலையில் உச்ச அளவு 23 கிலோ. சுமை 25 செ.மீ.யிலிருந்து 50 செ.மீ.க்குத் தள்ளிப்போனால் அது சரிபாதி, 11.5 கிலோ. தரையிலிருந்து எடுத்தால் இன்னும் குறையும். உடம்பைத் திருப்பினால் குறையும், அடிக்கடி தூக்கினாலும் குறையும்.

நம்பிக்கை: ‘இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டால் முதுகுக்குக் காவல்.’

உண்மை: அதே நையோஷ் நிறுவனம், சுமை கையாளும் கடை ஊழியர்கள் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2000இல் முடிவை வெளியிட்டது. பெல்ட் கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் முதுகுக் காயத்திலோ வலியிலோ வித்தியாசம் இல்லை. பெல்ட் சுமையைப் பக்கத்தில் கொண்டுவந்து தராது. கட்டிக்கொண்டோமே என்ற தைரியத்தில் இரண்டு கிலோ கூடுதலாகத் தூக்க வைத்தால் நட்டம்தான்.

நம்பிக்கை: ‘பொம்மைக்கு வர்ணம் தீட்டுவது உட்கார்ந்த வேலை, நோகாத வேலை.’

உண்மை: குனிந்த தலையை யாரோ பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் இல்லையா? கழுத்தின் பின்தசைகள்தான் பிடிக்கின்றன. தலை நாலைந்து கிலோ இருக்கும். அசையாமல் இறுகியே இருக்கும் தசை, தனக்குள் ஓடும் ரத்தக் குழாய்களைத் தானே நெருக்குகிறது. வருகிற ரத்தம் குறைந்து, தசை சீக்கிரம் சோர்ந்துபோகிறது. நடக்கும்போது தசை இறுகுவதும் தளர்வதுமாக இருப்பதால் ரத்தம் தாராளமாகப் பாயும். அரை மணி நடந்தவரைவிட அரை மணி குனிந்தே இருந்தவருக்குக் கழுத்து கடுப்பது இதனால்.

முதுகெலும்பு வட்டின் கதையும் இப்படித்தான். பெரியவர்களின் வட்டுக்குள் ரத்தக் குழாய் கிடையாது என்றே சொல்லலாம். சத்தெல்லாம் சுற்றிலும் இருந்து ஊறித்தான் சேர வேண்டும். பகலெல்லாம் பாரத்தில் நீரை இழந்து, இரவு படுத்தபின் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் காலையில் இருந்த உயரத்தைவிட மாலையில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைந்திருப்போம். ‘சரியாக’ உட்காரும் ஒரே ஒரு நிலை என்று எதுவும் இல்லை. கொஞ்ச நேரத்துக்கொரு முறை எழுந்து மாறி உட்காருவதுதான் மருந்து.

நம்பிக்கை: ‘குத்தவைத்து உட்கார்ந்தால் முட்டி தேயும்.’ எதிர்க்கட்சி: ‘நம் ஆட்களுக்கு அது பிறவிப் பழக்கம், ஒன்றும் செய்யாது.’

உண்மை: இரண்டு கட்சியும் நேரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. குருத்தெலும்பு அழுத்தமும் விடுப்பும் மாறிமாறிக் கிடைத்தால் நலமாக இருக்கும். அவ்வப்போது குந்தி எழுவதால் மூட்டு கெட்டுவிடாது. ஆனால் பெய்ஜிங் நகர முதியவர்களிடம் நடத்தி 2004இல் வெளியான ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. இளமையில் நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் குந்தியிருந்தவர்களிடம் முழங்கால் தேய்மானம் அதிகம்.

குந்துவதை மட்டமாகப் பேச வேண்டியதில்லை. வெளிநாட்டு மாதிரிச் செயற்கைக் கால்களோடு நம்மவர்களால் குந்தவும் முடியவில்லை, சம்மணமிடவும் முடியவில்லை, வெறுங்காலோடு வயலில் நடக்கவும் முடியவில்லை. மருத்துவர் பி.கே.சேத்தியும் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் 1968இல் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால் இந்த மூன்றையும் மனத்தில் வைத்தே பிறந்தது. ஊர் எப்படி உட்காருகிறது என்று பார்த்து வடிவமைத்ததால்தான் அது ஊருக்கு ஒத்துவந்தது.

நம்பிக்கை: ‘தலையில் வைத்துவிட்டால் பாரமே தெரியாது.’

உண்மை: இதில் விஷயம் இருக்கிறது. சும்மாடு வைத்து நடு உச்சியில் ஏற்றிய சுமை முதுகெலும்புக்கு நேர் மேலே நிற்கிறது. முன்னால் தள்ளிய தூரம் ஏறக்குறைய பூஜ்யம், அதனால் முதுகுத் தசை பத்து மடங்கு இழுக்க வேண்டியதில்லை. கென்யப் பெண்களைப் பற்றி 1986இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை அவர்கள் கூடுதல் சக்தி செலவில்லாமலே சுமந்ததைக் காட்டியது. ஆனால் தென்னாப்பிரிக்கப் பெண்களிடம் பிற்பாடு நடந்த ஆய்வில் அந்த மிச்சம் பொதுவாகத் தென்படவில்லை. கழுத்தெலும்புகளின் மேல் நேராக இறங்கும் பாரமும் எங்கும் போய்விடுவதில்லை.

தலைச்சுமையில் ஆபத்தான கட்டம் ஏற்றுவதும் இறக்குவதும்தான். நம் முன்னோர்கள் அதற்கு வழி வைத்திருந்தார்கள். கர்ப்பத்தோடு இறந்த பெண்ணின் நினைவாகச் சாலையோரம் நட்ட சுமைதாங்கிக் கல்லில், குனியாமலே சுமையை இறக்கலாம், குனியாமலே திரும்ப ஏற்றலாம். தரையிலிருந்து குனிந்து எடுப்பதைத்தான் நையோஷ் சூத்திரமும் தவிர்க்கச் சொல்கிறது.

நம்பிக்கை: ‘வலி போகப் போகப் பழகிவிடும்.’

உண்மை: பழகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேலூரில் பாடம் இருக்கிறது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்றே அன்று உலகம் நம்பியது. நரம்பு கெட்டு உணர்ச்சி போனதால், கல் குத்துவதும் செருப்பு உரசுவதும் தெரியாமல் நோயாளிகள் தொடர்ந்து மிதித்ததே பெரும்பாலான புண்களுக்குக் காரணம் என்று அவர் காட்டினார். பாதத்தின் ஒரே புள்ளியில் விழும் அழுத்தத்தைப் பரப்பிவிட்டால் புண் ஆறும். வேலூரிலும் கரிகிரியிலும் பரவிய எம்.சி.ஆர். செருப்பின் மெத்தென்ற ரப்பர் செய்யும் வேலை அதுதான்.

பின்னாளில் அமெரிக்காவில் எலிகளின் பாதத்தில் அவர் சோதித்துப் பார்த்தார். ஒருமுறை பட்டால் ஒன்றும் செய்யாத மிதமான அழுத்தம், நாளுக்கு ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்பப் பட்டபோது வீக்கமாகி, பிறகு புண்ணானது. சின்ன வேலைதானே என்று நாள் முழுதும் ஒரே அசைவைச் செய்கிற மணிக்கட்டுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். வலி என்பது ‘இடம் மாற்று’ என்று உடம்பு கொடுக்கும் தகவல். மாத்திரை போட்டு அதை அமுக்கிவிட்டு அதே வேலையை அதே விதமாகத் தொடர்ந்தால், தகவல் மட்டும்தான் நின்றிருக்கும்.

நம்பிக்கை: ‘உழைக்க உழைக்க உடம்பு வைரம் பாயும்.’

உண்மை: பீங்கான் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பீங்கானும் எலும்பும் அமுக்கினால் தாங்கும், வளைத்து இழுத்தால் அவ்வளவு தாங்காது. நடக்கும்போது இடுப்பு மூட்டில் உடல் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு பாரம் விழுகிறது என்று, செயற்கை மூட்டுக்குள் அளவுமானி பொருத்திப் பெர்லினில் அளந்திருக்கிறார்கள். அந்தப் பாரம் பெரும்பாலும் அமுக்கமாகவே விழுவதால்தான் பிரான்ஸில் பியர் பூத்தான் 1970இல் அலுமினா பீங்கானில் இடுப்பு மூட்டு செய்து பொருத்த முடிந்தது.

வித்தியாசம் ஒன்று உண்டு. சூளையில் வெந்த பீங்கான் தன்னைத் திருத்திக்கொள்ளாது. எலும்பு பாரம் விழும் இடத்தில் கெட்டிப்படும், விழாத இடத்தில் மெலியும். ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் விரித்துச் சொன்ன விதி இது. எடையற்ற விண்வெளியில் வீரர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் தேய்வது அதற்குச் சாட்சி. ஆக, உழைப்பு உறுதி தரும் என்பது சரி. ஆனால் திருத்த வேலை நடப்பது ஓய்வில். சிறுசிறு சேதம் திருத்தத்தை முந்திக்கொண்டால் மிஞ்சுவது தேய்மானம்தான்.

மேலே பார்த்த எல்லாவற்றிலும் வந்துபோனவை மூன்றே அளவுகள்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், எத்தனை தடவை. மூன்றையும் பட்டறையிலேயே மாற்றலாம். தரையில் அடுக்கும் பலகைகளை இடுப்பு உயரத் தாங்கியில் அடுக்குங்கள். பெரிய பலகையை இரண்டாகப் பிரித்து, உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். தீட்டும் பொம்மையை ஒரு மணையில் ஏற்றி முகத்துக்கு நேரே கொண்டுவாருங்கள். ஊற்றுகிறவரும் சீவுகிறவரும் மதியத்துக்குப் பிறகு வேலையை மாற்றிக்கொள்ளட்டும். தாங்கி கட்டக் கொஞ்சம் செங்கலும் ஒரு கடப்பாக்கல்லும் போதும்.