துப்புரவுப் பணியாளர்களைப் படமெடுக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றிச் செல்போனில் ஒரு படம் எடுக்க ஆசை. அதனால் அவர்களுக்கு ஏதாவது பயன் உண்டா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாக எடுங்கள். ஆனால் முதலில் ஆர்.பி.அமுதன் 2003இல் எடுத்த ‘பீ’ ஆவணப்படத்தைப் பாருங்கள். மதுரையில் ஒரு தெரு, அதில் மலம் அள்ளும் ஒரு பெண், பின்தொடரும் கேமரா. அவ்வளவுதான் படம். வேலை செய்துகொண்டே அந்த அம்மா பேசுகிறார். பார்க்கிற நமக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள வழியில்லை. கையால் மலம் அள்ள ஆள் வைப்பதை 1993லேயே சட்டம் தடை செய்திருந்தது என்பதையும் நினைத்துக்கொண்டு பாருங்கள்.

இதே தொழிலாளர்களைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ ஆவணப்படம் 2017இல் வந்தது. திரையிடல்களுக்குப் போலீஸ் தடை போட்டது; யூடியூபில் ஏற்றியதும் படம் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது.

பயன் உடனே தெரியாது. ஆனால், ‘இங்கே அப்படி யாரும் இல்லை’ என்று அதிகாரிகள் கைவிரிக்கும்போது, உங்கள் படம் சாட்சியாக நிற்கும். ஒன்றே ஒன்று: ஒப்பந்தத் தொழிலாளியின் முகம் தெரிந்தால் வேலையே போகலாம். அவர்களுக்கு முதலில் போட்டுக்காட்டுங்கள். வேண்டாம் என்று சொல்லும் காட்சியை, எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும், வெட்டிவிடுங்கள்.