காலையில் மட்டும் கோடு விழும் கம்ப்யூட்டர்



கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் திரையில் கோடு கோடாக விழுந்தால் நாம் முதலில் என்ன செய்வோம்? மானிட்டர் மண்டையில் ஒரு தட்டு தட்டுவோம். நானும் தட்டியவள்தான். அப்புறம் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு மேகமலையில் எஸ்டேட் லயன். அம்மா கொழுந்து பறிக்கிறார். வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான் என்பதால், அப்பா தீபாவளி போனஸில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கித் தந்தார். லீவுக்குப் போய் காலை ஆறரை மணிக்கு ஆன் செய்தால் பச்சைக் கோடுகள். கறுப்புத் திரையில் வரும் இங்கிலீஷ் எழுத்தெல்லாம் கன்னாபின்னாவென்று. பதினொரு மணி வெயிலில் போட்டால் ஒன்றுமே இல்லை! "ஏந்தாயி, எதையும் நோண்டிப்புட்டியா?" என்றார் அப்பா. அழுகையே வந்துவிட்டது.

போர்வையில் சுற்றி பஸ்ஸில் ஏற்றி, 18 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, கீழே ஒரு கடைக்குக் கொண்டு போனோம். அங்கே சமத்தாக ஓடியது. திரும்ப மேலே வந்தால் மறுநாள் காலை பழைய கதை. இரண்டாம் தடவை கேட்டபோது, "மதர்போர்டு போச்சு, நாலாயிரம் ஆகும்" என்றார்கள். மூடியைக்கூடத் திறக்கவில்லை. நாலாயிரம் என்றால் அம்மாவுக்கு எத்தனை நாள் கூலி!

நம் தியரி பாடத்தை அன்றைக்குத்தான் ஒழுங்காக எடுத்துப் படித்தேன். கோளாறு என்ன என்பதைவிட, அது எந்த நேரத்தில் தலைகாட்டுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மானிட்டரிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டு மானிட்டரை மட்டும் ஆன் செய்யுங்கள். 'நோ சிக்னல்' என்று அதுவாகவே எழுதும். அந்த எழுத்தே உடைந்து தெரிந்தால் தப்பு மானிட்டரில். சிபியு பக்கமே போக வேண்டாம். எனக்குச் சுத்தமாகத் தெரிந்தது.

அடுத்து கேபிள். ஐபிஎம் கம்பெனி 1987-ல் கொண்டுவந்த விஜிஏ கனெக்டரில் 15 பின். முதல் பின் சிவப்பு, இரண்டாவது பச்சை, மூன்றாவது நீலம். மூன்றாவது பின் வளைந்து நீலம் வராவிட்டால் வெள்ளைத் திரை மஞ்சளாகிவிடும். ஆக, திரை முழுக்க ஒரே சாயம் ஏறினால் கேபிளைப் பாருங்கள்.

எனக்கு எழுத்தே மாறியது. 'ஏ' வர வேண்டிய இடத்தில் 'சி'! இங்கேதான் எனக்கு மூளையில் லைட் எரிந்தது. ஆன் செய்ததும் பயாஸ் தன்னைத்தானே சோதிக்கும்போது வரும் எழுத்துத் திரையில், ஒவ்வொரு எழுத்துக்கும் மெமரியில் இரண்டு பைட்: ஒன்று எழுத்தின் எண், மற்றது நிறம். 'ஏ' என்பது 65, அதாவது 1000001. அதில் ஒரே ஒரு பிட் மாறி 1000011 ஆனால் 67, அது 'சி'. கேபிளால் நிறத்தைக் கெடுக்க முடியும். ஒரு எழுத்தை இன்னொரு எழுத்தாக ஆக்க முடியாது. அது மெமரி செய்கிற வேலை. என் கம்ப்யூட்டரில் தனி டிஸ்ப்ளே கார்டு கிடையாது. மதர்போர்டிலேயே உள்ள கிராபிக்ஸ், ராமின் மேல் முகவரிப் பகுதியில் கொஞ்சத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. ராம் இரண்டு துண்டு. சந்தேகம் இரண்டாவது துண்டின் மேல் விழுந்தது.

மறுநாள் காலை பிளக்கைப் பிடுங்கி, கேபினட் தகரத்தைத் தொட்டு உடம்பிலுள்ள ஸ்டாடிக்கை இறக்கிவிட்டு, இரண்டாவதை உருவினேன். திரை கண்ணாடி மாதிரி! முதலாவதை எடுத்துவிட்டு அதன் இடத்தில் இரண்டாவதை மட்டும் போட்டால் திரையே வரவில்லை, பீப் சத்தம் மட்டும். (பீப்பை எண்ணுவது நல்லது. அவார்டு பயாஸில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் டிஸ்ப்ளே கோளாறு. கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும்.) பார்த்தால் அதன் தங்கப் பல் எல்லாம் மங்கிப்போய்க் கிடந்தது. மலைக்காற்றின் ஈரம் ராத்திரிக் குளிரில் உலோகத்தில் படியும். தூசியோடு சேர்ந்தால் கான்டாக்ட் கெடும். போதாததற்கு, பனி படக்கூடாதென்று அம்மா பாசத்தோடு பிளாஸ்டிக் கவர் போட்டு, ஈரச் சுவரை ஒட்டி வைத்திருந்தார். பென்சில் அழிக்கிற ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைச் சுத்தமாகத் தட்டிவிட்டுப் போட்டேன். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் அதுதான் நல்லது, ரப்பர் முலாமைத் தேய்க்கும். கவருக்குப் பதில் பருத்தித் துணி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி ஸ்டூல் மேல்.

செலவு ஒன்றும் இல்லை. அப்பா எதுவும் சொல்லவில்லை. பக்கத்து லயன் ஆட்களைக் கூட்டி வந்து காட்டினார்.

பயாஸ் திரை சுத்தமாக வந்து, விண்டோஸ் ஏறும்போது மட்டும் கெட்டால் பெரும்பாலும் டிரைவர்தான். சேஃப் மோடில் போய்ப் பாருங்கள்: விண்டோஸ் 7 வரை எஃப்8, 10-லும் 11-லும் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட். அதில் சரியாகத் தெரிந்தால் டிரைவரை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள். அரைமணி ஓடியபின் கோடு வந்தால் சூடு. ஃபேன் சுற்றுகிறதா பாருங்கள்.

ஐப்பசி மழையில் எனக்கு இரண்டு நாள் மறுபடி கோடு வந்தது. இரண்டாவது ராமைக் கழற்றிச் செருகினேன், போய்விட்டது. இப்போது ஆன் செய்தால் எஃப்1 அழுத்து என்கிறது, தேதியும் தப்பாகக் காட்டுகிறது. அது மதர்போர்டிலுள்ள 3 வோல்ட் பட்டன் பேட்டரி, சிஆர் 2032. அடுத்த தடவை சின்னமனூர் இறங்கும்போது வாங்க வேண்டும்.