மணிக்கு மூன்று இமைகள்
ஐந்தாம் வகுப்பில் புலன் உறுப்புகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்தான். அவன் வீட்டு நாய் மணியின் கண்ணைக் கருவேல முள் கீறிவிட்டதாம். "பாட்டியோட கண் சொட்டு மருந்து மிச்சம் இருக்கு, விடலாமா டீச்சர்?" விடலாம் என்று சொல்லவே வாயெடுத்தேன். எதற்கும் கேட்போமே என்று கால்நடை மருத்துவரை அழைத்தேன். நல்லதாயிற்று. கண் அறுவைக்குப் பின் தரும் சொட்டு மருந்துகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். கார்னியாவில் கீறல் இருக்கையில் அதை விட்டால் புண் ஆழமாகிப் பார்வையே போகலாம்.

மாலையில் நானும் உடன் சென்றேன். மருத்துவர் சாயச் சொட்டு விட்டு நீல ஒளியில் காட்டினார். கீறல் மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது.

மறுநாள் பாடமே மணிதான். முள் குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது. தூசி விழுந்தால் சலைன் நீரால் மெல்லக் கழுவலாம். வலியில் நாய் வளர்த்தவரையும் கடிக்கும், பெரியவர் இல்லாமல் தொடக் கூடாது. இதை மட்டும் இருமுறை சொல்லவைத்தேன். கண்ணோரச் சவ்வைப் பார்த்து, சதை வளர்ந்துவிட்டதென்று அவன் பயந்திருந்தான். அது நாயின் மூன்றாவது இமை என்றதும் வகுப்பே தன் கண்ணைத் தடவிப் பார்த்தது.

மணி கண்ணைச் சொறியாதிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்ட வேண்டும். அதை அட்டையில் எப்படிச் செய்வது என்று அவன் கேட்க, அடுத்த பாடவேளை கணக்கானது.