நூலில் உள்ள விதியும் ஊரில் நிற்கும் வீடும்

2001ஆம் ஆண்டு சனவரி 26. குடியரசு நாள். காலை 8.46 மணிக்கு குஜராத் மாநிலத்தின் கச்சுப் பகுதியில் நிலம் அதிர்ந்தது. புஜ், பச்சாவ், அஞ்சார் முதலிய ஊர்கள் அழிந்தன. 13,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நிலநடுக்கம் தோன்றிய இடத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது ஆமதாபாத் நகரம். அவ்வளவு தொலைவிலும் பல அடுக்குமாடிக் கட்டடங்கள் நொறுங்கி, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஆனால் அதே நகரின் பழைய, தாழ்வான வீடுகளில் பெரும்பாலானவை தாங்கி நின்றன.

புதிய கான்கிரீட் கட்டடம் விழுகிறது. பழைய செங்கல் வீடு நிற்கிறது. இது எப்படி? இதற்கு விடை காண முதலில் பௌதிகத்தையும், பிறகு நகராட்சி அலுவலகத்தையும் நாம் நாட வேண்டும்.

பக்கவாட்டு விசை

நிற்கும் பேருந்து சட்டென்று புறப்பட்டால் நீங்கள் பின்னால் சாய்கிறீர்கள் அல்லவா? கால்கள் பேருந்தோடு செல்கின்றன. உடல் நிலைமத்தால் பின்தங்குகிறது. நிலநடுக்கத்தில் கட்டடத்துக்கு நேர்வதும் இதுவே. அடித்தளம் நிலத்தோடு நகர்கிறது. மேல் தளங்கள் பின்தங்குகின்றன. இடையில் உள்ள தூண்கள் வளைகின்றன.

இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கட்டடத்தின் நிறை 1,000 டன், அதாவது 10 லட்சம் கிலோகிராம் என்க. நிலத்தின் முடுக்கம் நொடிக்கு நொடி 1 மீட்டர் என்க. இது புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். விசை = நிறை × முடுக்கம் என்ற சமன்பாட்டின்படி விசை 10 லட்சம் நியூட்டன். சுமார் 100 டன் எடை, மேலிருந்து கீழாக அன்றி, பக்கவாட்டில் தள்ளுவதற்கு இது சமம். எடையைத் தாங்க மட்டுமே அமைத்த தூண் இந்தத் தள்ளலைத் தாங்கும் என்று எதிர்பார்க்க இயலுமா?

ஈர்க்குச் சோதனை

ஒரு பலகையின் மேல் களிமண் கட்டியை அழுத்தி வையுங்கள். 10, 15, 20 சென்டிமீட்டர் நீளமுள்ள மூன்று ஈர்க்குகளை அதில் நட்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரே அளவுள்ள களிமண் உருண்டையைச் செருகுங்கள். பலகையை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். நீண்ட ஈர்க்கு மட்டும் பெரிதாக ஆடும். சற்று வேகமாக அசைத்தால் நடு ஈர்க்கு ஆடும். மேலும் வேகமாக அசைத்தால் குட்டை ஈர்க்கு ஆடும்.

ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கே உரிய அலைவு நேரம் உண்டு. அந்த நேரத்தோடு பொருந்தும்படி அசைத்தால் ஒத்ததிர்வு உண்டாகி, ஆட்டம் பெருகுகிறது. கட்டடங்களும் இப்படியே. தோராயமாக, மாடிகளின் எண்ணிக்கையைப் பத்தால் வகுத்தால் அலைவு நேரம் நொடிகளில் கிடைக்கும். ஐந்து மாடிக்கு அரை நொடி. பத்து மாடிக்கு ஒரு நொடி.

நிலநடுக்க அலைகள் நெடுந்தூரம் செல்லும்போது வேகமான அதிர்வுகள் தேய்ந்துவிடுகின்றன. மெதுவான அதிர்வுகளே எஞ்சி வந்து சேர்கின்றன. ஆமதாபாத் சபர்மதி ஆற்றின் ஆழமான வண்டல் மண்மீது அமைந்த நகரம். அத்தகைய மண் மெதுவான அதிர்வைப் பெருக்கிக் காட்டும். ஆகவே குட்டையான வீடுகள் தப்பின, உயரமானவை சிக்கிக்கொண்டன.

ஆயினும் உயர்ந்த கட்டடங்கள் எல்லாமே விழவில்லை. விழுந்தவற்றுள் பலவற்றில் ஒரு பொதுக் குறை காணப்பட்டது. மேல் தளங்களில் அறைகளின் செங்கல் சுவர்கள் நிறைந்திருந்தன. கீழ்த்தளம் வாகனம் நிறுத்துவதற்காகச் சுவரின்றி, தூண்கள் மட்டும் கொண்டு திறந்து கிடந்தது. மேற்பகுதி ஒரு பெட்டியைப் போல விறைப்பாக இருக்க, வளைவு முழுவதும் கீழ்த்தளத் தூண்களின் தலையில் விழுந்தது. பொறியாளர்கள் இதனை மென்தளம் என்பர்.

விதி இருந்ததா?

இருந்தது. நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட அமைப்புக்கான இந்தியத் தர விதி, எண் 1893, முதன்முதலில் 1962ஆம் ஆண்டிலேயே வெளியாயிற்று. கான்கிரீட் தூண்களில் கம்பிகளை எப்படிக் கட்டவேண்டும் என்று கூறும் விதி, எண் 13920, 1993இல் வெளிவந்தது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970இல் தோன்றி, 1983, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது.

அப்படியானால் குறை எங்கே? இந்த விதித்தொகுப்பு ஒரு பரிந்துரை. அறிஞர்கள் கூடி எழுதி, அச்சிட்டுத் தருவது. அது தானாகவே சட்டம் ஆகிவிடாது. கட்டடம் கட்ட அனுமதி தருவது தில்லி அன்று. உங்கள் ஊர் நகராட்சியோ, மாநகராட்சியோ, ஊராட்சியோதான். 1992ஆம் ஆண்டின் 74ஆவது திருத்தத்தால் அரசியலமைப்புச் சட்டத்தில் சேர்ந்த 12ஆம் அட்டவணையும் கட்டடங்களை ஒழுங்குபடுத்துவதை நகராட்சிகளுக்குரிய பணிகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. மாநில அரசோ உள்ளாட்சியோ அந்த விதியைத் தன் விதிகளில் ஏற்றுக்கொண்டு, வரைபடத்தை அதன்படி சரிபார்த்து, கட்டும்போது நேரில் வந்து பார்த்தால்தான் அதற்கு உயிர் வரும். தமிழ்நாட்டில் இன்று இந்த இடத்தில் இருப்பவை 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்.

ஊர் விதி சில சமயம் எதிர்த் திசையிலும் இழுக்கும். மனையின் பரப்புக்கு ஏற்ப இவ்வளவு தளப்பரப்புதான் கட்டலாம் என்று நகரங்கள் வரம்பு வைக்கின்றன. வாகனம் நிறுத்தத் திறந்துவிட்ட கீழ்த்தளம் அந்தக் கணக்கில் சேராது என்று பல ஊர்களின் விதிகள் சலுகை தந்தன. தெரு நெரிசலைக் குறைக்க வந்த நல்ல எண்ணம்தான். ஆனால் அத்தளத்தின் தூண்களை வலுவாக்க வேண்டும் என்ற நிபந்தனை சேராதபோது, அதுவே மென்தளங்களைப் பெருக்கிவிட்டது. ஆகவே விதியை ஏற்பவர்களுக்கும் பௌதிகம் தெரிந்திருக்க வேண்டும்.

ஊருக்கு ஊர் ஏன் வேறுபாடு?

"நாடு முழுவதற்கும் ஒரே விதி போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். முறை ஒன்றுதான், அதில் இடும் எண்தான் ஊருக்கு ஊர் மாறும். காற்றை எடுத்துக்கொள்வோம். காற்றின் அழுத்தம் = 0.6 × வேகத்தின் வர்க்கம். வேகம் நொடிக்கு மீட்டரில்; அழுத்தம் சதுர மீட்டருக்கு நியூட்டனில். நமது தர விதியில் சென்னைக்குரிய அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். மதுரைக்கு 39 மீட்டர். எனவே சென்னையில் அழுத்தம் 1,500 நியூட்டன். மதுரையில் சுமார் 913 நியூட்டன். வேகம் கால் பங்குக்குச் சற்று அதிகமாகக் கூடியபோது, அழுத்தம் ஒன்றரை மடங்கையும் தாண்டிவிட்டது. மதுரைக்குப் போதுமான தகரக் கூரை சென்னைப் புயலில் பறந்து போகலாம்.

இந்த எண்களும் நிலையானவை அல்ல. அறிவு வளர வளர அவை திருத்தப்படுகின்றன. புஜ் நிலநடுக்கத்துக்குப் பின், 2002இல் 1893ஆம் எண் விதி திருத்தப்பட்டபோது சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. அதற்கு முன் எழுந்த வீடுகள் அந்த எண்ணை அறியா.

ஒரு சிறு வளைவு

இறுதியாக, கட்டுமிடத்துக்கு வருவோம். தூணின் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் குறுக்கே கட்டும் வளையங்களைக் கம்பி கட்டுவோர் 'ரிங்' என்பர். அதன் முனையை 90 பாகை மடக்குவது எளிது. ஆனால் 13920ஆம் எண் விதி 135 பாகை மடக்கி, முனையைத் தூணின் உட்புறம் செலுத்தச் சொல்கிறது. ஏன்? அதிர்வில் தூணின் வெளிப்பூச்சு கான்கிரீட் உதிரும். உதிர்ந்ததும் 90 பாகை முனை விரிந்து திறந்துகொள்ளும். பிடி இழந்த நெடுக்குக் கம்பிகள் வெளியே பிதுங்கும். உள்ளே இருக்கும் கான்கிரீட் நொறுங்கும். 135 பாகை முனையோ உள் கான்கிரீட்டைப் பற்றியபடி இருக்கும். கூடுதலாகத் தேவைப்படுவது விரல் நீளக் கம்பியும் ஒரு திருகும் மட்டுமே.

இந்த வேலையைச் செய்பவர் தர விதி நூலைக் கண்டிருக்கமாட்டார். மேற்பார்ப்பவர் கேட்டால் செய்வார். மேற்பார்ப்பவரைக் கேட்க ஊரில் ஓர் அதிகாரி வேண்டும். அதிகாரியிடம் ஒரு விதி வேண்டும். ஊர் மனம் வைத்தால் இது நடக்கக்கூடியதே. 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. குழாயும் குழியும் வீடு வீடாக வந்து சேர்ந்தன.

செய்து பாருங்கள், சிந்தியுங்கள்

1. உங்கள் தெருவில் கீழ்த்தளம் திறந்திருக்கும் அடுக்குமாடிகள் எத்தனை? அவற்றின் அலைவு நேரத்தைத் தோராயமாகக் கணக்கிடுக.

2. காற்றின் வேகம் இரு மடங்கானால் அழுத்தம் எத்தனை மடங்காகும்?

3. அருகில் வீடு கட்டும் இடத்தில், பெரியவர் ஒருவருடன் சென்று, கான்கிரீட் போடுமுன் 'ரிங்'கின் முனையைப் பாருங்கள். அது 90 பாகையா, 135 பாகையா? 90 பாகையாயின் அதன் காரணத்தை மேஸ்திரியிடம் மரியாதையுடன் கேளுங்கள். கான்கிரீட் போட்ட பிறகு அந்த முனையை யாராலும் பார்க்க முடியாது.